கூலிச் சட்டத்தில் ஒரு செடி: கஞ்சாவின் வரலாறு

வெள்ளி விழா மலர்களில் வழக்கமாக இடம்பெறுவன முன்னோர் ஆற்றிய தொண்டும், பள்ளி வளர்ந்த வரலாறும், தேர்ச்சி பெற்ற மாணாக்கரின் பட்டியலுமே ஆகும். அவற்றுக்கிடையே கஞ்சாவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நம் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் நம் தெருக்களில் அப்பொருள் நடமாடுவதை அறியாதவர் எவரும் இல்லை. வீட்டிலும் மேடையிலும் பேசக் கூசுகின்ற ஒன்றைப் பற்றி நம் இளைஞர் டீக்கடை வாசலில் கற்றுக்கொள்கின்றனர். கல்விக் கழகத்தின் மலர் அதைப் பேசாமல் வேறு எது பேசும்?

இளைஞர் செவியில் விழுவன இரண்டே வகைப் பேச்சுக்கள். தொட்டாலே பைத்தியம் பிடிக்கும் என்பது ஒன்று. அது வெறும் மூலிகை, சாமியார்கள் புகைப்பது, ஒன்றும் செய்யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வரலாறு அறியாதார் கூற்று. இச்செடிக்கு எதிரான சட்டங்களின் கதையில் தொடக்கத்திலிருந்தே நம் மக்கள் இடம்பெற்றுள்ளனர் என்பதோ எவர் வாயிலும் வருவதில்லை. செடி எது என்பதைக் காட்டிலும், அது எவர் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தே சட்டம் பல வேளைகளில் எழுதப்பட்டது. இதனை விளக்குவதே நம் நோக்கம்.

முதலில் செடியைப் பற்றிச் சிறிது கூறுவோம். கஞ்சாச் செடியில் ஆணும் பெண்ணும் தனித்தனி. பெண் செடியின் பூங்கொத்தில் பிசின் மிகுதி. போதையும் அதில்தான் மிகுதி. இலையை அரைத்துப் பாலிலோ இனிப்பிலோ கலந்து உண்பது பாங்கு. பூங்கொத்தை உலர்த்திப் புகைப்பது கஞ்சா. பிசினை மட்டும் திரட்டி எடுப்பது சரஸ். இம்மூன்றின் வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். சட்டத்துக்கு வரும்போது அது தேவைப்படும். நம் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இதனை மருந்தாகக் கையாண்டன. கல்கத்தா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஓஷானசி என்னும் மருத்துவர் 1839ஆம் ஆண்டில் இதன் மருத்துவக் குணங்களை ஆராய்ந்து எழுதிய பின்னரே ஐரோப்பிய மருத்துவம் இதனை ஏற்றது.

இனிக் கடல் கடந்து செல்வோம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துச் செல்லப்பட்ட கூலிகளின் முதற்கப்பல் அதுவே. 1911ஆம் ஆண்டு வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றோர் தொகை 1,52,184. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர்கள். கப்பலின் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தகப்பன் பெயரும் ஊரும் சாதியும் எழுதப்பட்டன. சென்னைக் கப்பல்களின் பட்டியல்களில் நம் மக்களின் சாதிப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. சேரியின் பசியும் பண்ணையாரின் சவுக்கும் துரத்த, கறுப்புத் தண்ணீரைக் கடந்த நம் கொள்ளுப்பாட்டன்மார் அவர்கள்.

முதலாண்டில் மாதத்துக்குப் பத்து ஷில்லிங் கூலி. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே சென்றால் தண்டனை. பகலெல்லாம் கரும்பு வெட்டிய உடல், இரவில் ஒரு பிடி கஞ்சாவைப் புகைத்து வலியை மறந்தது. நேட்டாலின் மண்ணின் மைந்தரும் 'டக்கா' என்னும் பெயரில் இச்செடியை நெடுங்காலமாகப் புகைத்து வந்தனர். ஆகையால் அது அந்நாட்டுக்குப் புதிய பொருளன்று. ஆயினும் 1870ஆம் ஆண்டில் நேட்டால் அரசு இயற்றிய சட்டத்தைப் பாருங்கள். அதன் பெயரே கூலிச் சட்டத் தொகுப்பு. அதன் 70ஆம் பிரிவு, கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் கூலிகள் புகைப்பதையும் வைத்திருப்பதையும், கூலிகளுக்கு அதனை விற்பதையும், பண்டமாற்றாகவோ இனாமாகவோ கொடுப்பதையும் தடை செய்தது. யாருக்குத் தடை? கூலிகளுக்கு. வெள்ளையர் பெயர் அதில் இல்லை. அதே தோட்டங்களின் கரும்பிலிருந்து ரம் என்னும் மது வடிக்கப்பட்டு விற்பனையாயிற்று என்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும்.

காரணம் கூலியின் உடல்நலமா? 1885ஆம் ஆண்டு முதல் 1887ஆம் ஆண்டு வரை அங்கு இந்தியக் குடியேறிகளைப் பற்றி விசாரித்த ராக் என்பவரின் தலைமையிலான குழு, மறைவின்றிக் காரணம் கூறியது. டக்கா புகைக்கும் இந்தியன், எந்த வேலைக்காகக் கொண்டுவரப்பட்டானோ அந்த வேலையை எசமானருக்கு மனநிறைவாகச் செய்ய இயலாதவனாகிறான் என்பதே அதன் கருத்து. கணக்கில் வந்தது வேலை நாள், உயிரன்று.

மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதை. ஜமைக்காவுக்கு 1845ஆம் ஆண்டு முதல் இந்தியக் கூலிகள் சென்றனர். இன்று உலகெங்கும் அத்தீவின் சொல்லாகவே கருதப்படும் 'கஞ்சா' என்னும் சொல், அக்கூலிகளின் மூட்டையோடு இறங்கியதே ஆகும். 1913ஆம் ஆண்டில் அங்கும் தடைச் சட்டம் வந்தது.

இந்தியாவில் நிலைமை வேறாக இருந்தது. இங்கே ஆங்கில அரசே கஞ்சாவுக்கு உரிமம் வழங்கித் தீர்வை வசூலித்தது. வங்காளத்தில் ராஜ்ஷாஹி மாவட்டத்து நவ்காவ் வட்டாரம் கஞ்சாப் பயிருக்கெனவே பெயர் பெற்றிருந்தது. இலண்டன் பாராளுமன்றத்தில் மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த கெய்ன் என்பவர் 1893ஆம் ஆண்டு மார்ச்சில் இதுபற்றிக் கேள்வி எழுப்பினார். கஞ்சாவினால் இந்தியர் பைத்தியமாகின்றனர், பைத்தியக்கார விடுதிகள் நிரம்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அவ்வாண்டு ஜூலையில் மேக்வொர்த் யங் என்பவரின் தலைமையில் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. உறுப்பினரில் மூவர் இந்தியர். அம்மூவரும் ராஜாவும் சீமானும் ஆவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? (அதே 1893ஆம் ஆண்டில்தான் இரட்டைமலை சீனிவாசனார் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னர் அவரே தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார் என்பதை இளைஞர் அறிந்திருத்தல் நன்று.)

ஆணையம் நாடெங்கும் சுற்றி, ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்து, 3,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 1894ஆம் ஆண்டில் அளித்தது. சாட்சிகளில் பெரும்பாலோர் அதிகாரிகள், மருத்துவர்கள், நிலவுடைமையாளர்கள், பாதிரிமார்கள் போன்றோர். புகைத்தவனைப் பற்றி மற்றவரே மிகுதியாகப் பேசினர். இக்குறை இருப்பினும், அவ்வறிக்கையில் ஒரு பகுதி நாம் கட்டாயம் அறிய வேண்டியது.

பைத்தியக்கார விடுதியில் ஒருவனைச் சேர்க்கும்போது ஒரு படிவம் நிரப்பப்பட்டது. பைத்தியத்துக்குக் காரணம் என்ன என்று அதில் ஒரு கட்டம். அக்கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. நிரப்பியவர் மருத்துவர் அல்லர். காவல் துறையினரும் மாஜிஸ்திரேட் அலுவலகத்தாரும் ஆவர். பிடித்துவரப்பட்டவனோ பெரும்பாலும் உறவினர் துணையில்லாத ஏழை; வழியிலும் சந்தையிலும் அலைந்து திரிந்தவன். அவன் முன்கதையைச் சொல்ல ஆளில்லை. கஞ்சா என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு சொல்லை விடுதி மருத்துவர் தம் ஏட்டில் பெயர்த்தெழுதினார். ஏடுகள் கூட்டப்பட்டு மாகாணப் புள்ளிவிவரம் ஆயின. புள்ளிவிவரம் இலண்டனுக்குச் சென்று, கஞ்சா இந்தியரைப் பைத்தியமாக்குகிறது என்னும் அறிவியல் உண்மையாகத் திரும்பி வந்தது!

ஆணையம் செய்த நற்பணி யாதெனில், 1892ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேரின் கதையை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்ததே. கஞ்சாவோடு தொடர்புபடுத்தத்தக்கவை என்று எஞ்சியவை 98 மட்டுமே. நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல். அளவோடு கொள்பவருக்குக் குறிப்பிடத்தக்க கேடில்லை, மிதமிஞ்சிக் கொள்பவருக்குக் கேடு உண்டு, முற்றிலும் தடை செய்வதைவிட வரியும் உரிமமும் விதித்துக் கட்டுப்படுத்துவதே தக்கது என்று அது முடிவுரைத்தது. தீர்வை வருவாயை இழக்க அரசுக்கு விருப்பமில்லை என்பது உண்மையே. இருந்தாலும் 1,344 பேரின் வழக்கைத் திரும்பிப் பார்த்த உழைப்பு வருவாய்க் கணக்கில் அடங்காது. ஏழையைப் பற்றிய காகிதம் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதற்கு நாம் கண்டவற்றுள் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அதற்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தென்னாப்பிரிக்க அரசு 1923ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்துக்கு எழுதி, இதனை உலகளாவிய தடைப் பட்டியலில் சேர்க்கக் கோரியது. நேட்டால் தோட்டத்தில் முளைத்த எண்ணம் ஐம்பதாண்டில் ஜெனீவா வரை சென்றதைக் கவனிக்க. 1925ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில் எகிப்தின் வற்புறுத்தலால் அது உடன்படிக்கையில் இடம்பெற்றது. நம் மாகாணத்தில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், சேலம் மாவட்டத்தில் தொடங்கி, மதுவோடு போதைப் பொருள்களையும் சேர்த்தே விலக்கியது. 1961ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் ஒருங்கிணைந்த உடன்படிக்கை வந்தது. மருத்துவம் அல்லாத பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று அது கூறியது. ஆனால் 'கஞ்சா' என்பதற்கு அது கூறிய இலக்கணத்தில், பூங்கொத்தோடு சேராத இலையும் விதையும் விலக்கப்பட்டன. ஆகவே பாங்கு தப்பியது. அக்கெடு முடியும் வேளையில், 1985ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று, போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

இங்கே முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாடு வருகிறது. உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் உள்ளன. ஹோலிப் பண்டிகையில் பாங்கு அருந்துவது சமய ஆசாரம் எனப்படுகிறது. அதே செடியின் பூவை ஒரு காகிதத்தில் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருப்பது குற்றம். மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஓராண்டுக்குள் பாங்கு கொண்டோர் ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் பேர். கஞ்சாவும் சரஸும் புகைத்தோர் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் பேர். பெரிய கூட்டம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சிறிய கூட்டமே உள்ளே நிற்கிறது. பூவில் வீரியம் மிகுதி என்பது இதற்கு ஒரு நியாயம். ஆனால் அது ஒன்றே காரணம் என்று நாம் நம்புவதற்கில்லை.

சட்டம் ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்டது என்பதால் பொருள் தீங்கற்றதாகிவிடுமா? ஆகாது. இதில்தான் நம் இளைஞர் சிலர் இடறுகின்றனர். 1894ஆம் ஆண்டின் ஆணையத்துக்குத் தெரியாத பல இன்றைய மருத்துவத்துக்குத் தெரியும். கஞ்சாவின் போதைக்குக் காரணமான டெட்ரா ஹைட்ரோ கன்னபினால் என்னும் வேதிப்பொருளை இஸ்ரேல் நாட்டு அறிஞர் மெக்கூலமும் அவர் தோழர் காவ்னியும் 1964ஆம் ஆண்டில் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். அப்பொருள் பொருந்துவதற்கான வாயில்கள் மூளையிலேயே உள்ளன என்பது பின்னர் தெரியவந்தது. நினைவு, பசி, அச்சம், உடலின் ஒத்தியக்கம் ஆகியவற்றை ஆளும் பகுதிகளில் அவ்வாயில்கள் மிகுதி.

புகைத்தால் சில நிமிடங்களில் போதை ஏறி, இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். உண்டால் ஏறுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று மேலும் உண்டு அவதிப்படுவோர் பலர். கண் சிவக்கும், நாடி விரைவாக அடிக்கும், பசி எடுக்கும், காலம் மெல்ல நகர்வதுபோல் தோன்றும். சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்குக் காரணமற்ற நடுக்கமும் ஐயமும். சற்றுமுன் கேட்டது மனத்தில் தங்காது. இந்நிலையில் வண்டி ஓட்டுபவன் தன் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான். இதய நோயுள்ளவருக்கு நாடித் துடிப்பு மிகுவதே ஆபத்து. புகையிலையோடு கலந்து சுருட்டினால் புகையிலையின் அடிமைத்தனமும் கூடவே வந்துவிடும்.

எவ்வயதில் தொடங்குகிறார் என்பதே எல்லாவற்றிலும் பெரிது. மனித மூளை இருபது வயதுக்குப் பின்னரும் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டிருக்கிறது. கஞ்சாவைப் பயன்படுத்தியோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர். பதின்ம வயதில் தொடங்கியோரில் ஆறில் ஒருவர். விட்டால் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை சில வாரங்கள் வாட்டும். சுவீடன் நாட்டில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது. 18 வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா கொண்டவருக்கு, கொள்ளாதவரைவிட மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு மிகுதியாக வந்தது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை. குடும்பத்தில் முன்பே அந்நோய் இருந்தோர் போன்றவர்க்கு ஆபத்து கூடுதல். படிவத்தில் கண்மூடி எழுதிய அன்றைய காவலரின் பொய் ஒருபுறம் இருக்க, இளமையில் மிகுதியாகக் கொள்வதால் வரும் மனநோய் என்பது மெய். இரண்டையும் ஒருங்கே அறிந்தவனே அறிவாளி.

மருத்துவத் தீங்கைவிட விரைவாக வந்து சேரும் தீங்கு ஒன்றுண்டு. அது வழக்கு. 1985ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கஞ்சாவுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அளவைப் பொறுத்துத் தண்டனையை வகுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை கடுங்காவல், ஓர் இலட்சம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவு என்றால் ஜாமீனும் எளிதில் கிடைக்காது. குற்றவாளி அல்லர் என்று நம்ப இடமிருப்பதாக நீதிமன்றம் கருதினாலொழிய விடுதலை இல்லை.

ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வரும் சரக்கை, பண முதலாளி தன் தோளில் சுமந்து வருவதில்லை. வேலையற்ற ஓர் இளைஞனைப் பிடித்து, இந்தப் பையை அந்த ரயில் நிலையத்தில் கொடுத்துவிடு தம்பி என்கிறான். சரக்கின் எடை 20 கிலோவைத் தாண்டினால், அத்தம்பியின் இளமை முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கிறது. எனக்கு உள்ளே இருப்பது தெரியாது என்றால் போதாது; தெரியாது என்பதை அவனே மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழகத்தில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், மக்கள் வழக்கில் குண்டர் சட்டம், போதைப் பொருள் குற்றவாளி என்று கருதப்படுபவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கவும் இடம் தருகிறது.

பெரும்பாலும் சிறு குற்றங்களுக்கு முதன்முறை தவறிய இளைஞரை நன்னடத்தைப் பிணையில் விடுவது வழக்கம். இச்சட்டத்தில் 18 வயது நிரம்பியவருக்கு அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுள்ளது. அதற்கும் மேல் ஒரு செய்தி: தமிழகக் காவல் துறைப் பணித்தேர்வு விதிகளின்படி, ஐயத்தின் பயனைத் தந்து நீதிமன்றம் விடுவித்தவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் இரவுப் பாடசாலை நடத்தியும், தேர்வுக் கட்டணம் செலுத்தியும் ஒரு மாணவனை அரசுப் பணியின் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. முதல் தகவல் அறிக்கையின் ஒரு தாள் அந்த வாசலை மூடிவிடுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வழக்கறிஞரும் வெளிநாட்டுக் கல்வியும் உண்டு. நம் பிள்ளைக்கு அந்த ஒரு வாசல்தான்.

ஆகையால் உரிமைகளையும் அறிந்திருப்போம். உடலைச் சோதிக்க வரும் அதிகாரி, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் முன்னிலையிலோ மாஜிஸ்திரேட்டின் முன்னிலையிலோ சோதிக்கப்படும் உரிமை உண்டு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். 50ஆம் பிரிவு அதனைக் கட்டாயமாக்குகிறது. ஆயினும் அது உடற்சோதனைக்கே உரியது, கைப்பைக்கு அன்று. அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க இயலாது என்று, தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

மேலும் ஒன்று. அப்பழக்கத்துக்கு ஏற்கெனவே ஆட்பட்டவர், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானால், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிறுவனத்திலோ போதை மீட்புச் சிகிச்சை பெறுவாராயின் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்று 64ஏ பிரிவு கூறுகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. மகனைப் பற்றிக் கவலைப்படும் தாய்மாரும் அவ்வெண்ணில் பேசலாம்.